நாவலைப் படமாக்கும்போது எதை எடுப்பது, எதை விடுவது, யாரிடம் கேட்பது

உதவி இயக்குநர் ஒருவரின் கேள்வி இது: "400 பக்க நாவல். எழுதியவர் காலமாகிவிட்டார். படமாக்க ஆசை. உரிமையை யாரிடம் வாங்குவது? இரண்டரை மணி நேரத்துக்குள் எப்படி அடக்குவது? பொதுவாக எங்கே சொதப்பும்?"

உரிமை, திரைக்கதை என்று இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்கத் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: அந்த நாவலில் இருந்து நீங்கள் எதை எடுக்கிறீர்கள்? கதைமாந்தரையா, ஒரு முடிச்சையா, அந்த வாழ்க்கைச் சூழலையா, முழுக் கதையையுமா? இதற்குப் பதில் தெரியாமல் ஒப்பந்தம் போட்டால் தேவையில்லாததை வாங்கித் தேவையானதை விட்டுவிடுவீர்கள். பதில் தெரியாமல் திரைக்கதைக்கு உட்கார்ந்தால் நாவலின் சுருக்கம்தான் கைக்கு வரும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 400 பக்கத் தமிழ் நாவலில் ஏறத்தாழ 90,000 சொற்கள் இருக்கும். சத்தமாக வாசித்தால் 12 மணி நேரத்துக்குக் குறையாது. இரண்டரை மணி நேரப் படம் என்பது 65 முதல் 80 சீன். ஒரு சீன் சராசரி இரண்டு நிமிடம். எப்படிப் பார்த்தாலும் நாவலின் முக்கால் பங்கு வெளியே போகத்தான் வேண்டும். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. அப்படிச் செய்தால் எல்லாச் சம்பவமும் இருக்கும், எதுவும் மனதில் நிற்காது. ஒவ்வொரு சீனும் அடுத்ததற்குத் தகவல் கொடுத்துவிட்டு ஓடும்.

நம் படங்களில் இதுவரை நடந்ததைப் பார்த்தால், எடுக்கும் விதங்கள் நான்கைந்துதான்.

ஒன்று, கருவை மட்டும் எடுப்பது. மகேந்திரனின் "உதிரிப்பூக்கள்" (1979) புதுமைப்பித்தனின் "சிற்றன்னை" குறுநாவலில் இருந்து வந்தது. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தும் பார்த்தும் பாருங்கள். தாயில்லாப் பிள்ளைகள், வீட்டுக்கு வரும் மாற்றாந்தாய் என்ற விதை குறுநாவலில் இருக்கிறது. படம் அந்தத் தந்தையின் பக்கம் திரும்பி, அவனை ஊரே சேர்ந்து ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. சீன் வாரியாக ஒப்பிட்டால் பொருந்துவது சொற்பம். ஆனாலும் டைட்டிலில் புதுமைப்பித்தன் பெயர் இருக்கிறது. அது நேர்மை மட்டுமில்லை, முன்யோசனையும்கூட. அதற்குக் கீழே வருகிறேன்.

இரண்டு, ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுப்பது. சு. வெங்கடேசனின் "காவல் கோட்டம்" ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய நாவல். பல நூற்றாண்டுகள் அதில் ஓடுகின்றன. வசந்தபாலனின் "அரவான்" (2012) அதில் ஒரு சிறு பகுதியைத்தான் எடுத்தது. பெரிய வரலாற்று நாவலைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான்.

மூன்று, சூழலை எடுத்துக்கொண்டு கதையை மாற்றுவது. ஜெயமோகனின் "ஏழாம் உலகம்" நாவலின் பிச்சைக்கார உலகம் பாலாவின் "நான் கடவுள்" (2009) படத்தில் இருக்கிறது. காசியில் இருந்து வரும் அகோரி நாவலில் இல்லை.

நான்கு, சிறியதைப் பெரிதாக்குவது. இதில் வெற்றிமாறன் தனி ஆள். மு. சந்திரகுமாரின் "லாக்கப்" நூல்தான் "விசாரணை"யின் முதல் பாதி. இரண்டாம் பாதியில் வரும் ஆடிட்டர் விவகாரம் வேறு இடத்தில் இருந்து வந்து ஒட்டியது. லாக்கப்பில் அடி வாங்கியவர்கள் விடுதலையாகும் இடத்தில் நூலின் கதை முடிகிறது. அதே ஆட்களைக் காவல்துறைக்குள்ளேயே வைத்து, உள்ளிருந்து பார்க்கவைக்கிறது படம். ஜெயமோகனின் "துணைவன்" ஒரு சிறுகதை. அது "விடுதலை" என்று இரண்டு பாகமாக (2023, 2024) விரிந்தது. புதிதாக வருபவர்களுக்கு நாவலைவிடச் சிறுகதையும் குறுநாவலும் நல்லவை. வெட்டுவதைவிட வளர்ப்பது எளிது. உரிமைத் தொகையும் பெரும்பாலும் குறைவாக இருக்கும்.

ஐந்தாவது, முழுக் கதையையும் எடுப்பது. "பொன்னியின் செல்வன்" போல. ஐந்து பாகம், 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரவாரம் வந்த தொடர். இரண்டு படமாக (2022, 2023) எடுத்தும் மணிமேகலை என்ற பாத்திரம் முழுவதுமாகப் போய்விட்டது. சேந்தன் அமுதன் யார் என்ற முடிச்சையும் விட்டுவிட்டார்கள். வாசகர்கள் வருத்தப்பட்டார்கள், நியாயம்தான். ஆனால் திரைக்கதையாளரின் இடத்தில் இருந்து பாருங்கள். மதுராந்தகன், சேந்தன் அமுதன் ஆள்மாறாட்டத்தை வைத்தால் அதற்கு விதை போட முதல் படத்தில் குறைந்தது நாலைந்து சீன் வேண்டும். விளக்கிச் சொல்ல இரண்டாம் படத்தின் கடைசி அரைமணி நேரத்தில் இடம் வேண்டும். சரியாக ஆதித்த கரிகாலன் இறந்து, பார்வையாளர் நந்தினியை நினைத்துக்கொண்டிருக்கும் நேரம் அது.

தொடர்கதையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வாரப் பத்திரிகைக்கு எழுதியதால் ஒவ்வொரு அத்தியாயக் கடைசியிலும் ஒரு கொக்கி இருக்கும். யாரோ கதவைத் தட்டுவார்கள், ஒரு கடிதம் வரும், புதரில் ஒரு உருவம் அசையும். அடுத்த வாரம் வரை வாசகரை இழுத்துப் பிடிக்கத்தான் அது. படத்தில் அடுத்த சீன் அரை விநாடியில் வந்துவிடும். இந்தக் கொக்கிகளை அப்படியே வைத்தால் படம் முழுக்கத் தும்மல் வந்து நிற்பது போல இருக்கும். இன்டர்வலுக்கு ஒன்று, இரண்டாம் பாதியின் நடுவில் ஒன்று என்று வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கழற்றிவிடுங்கள்.

இனி வேலை முறை. நாவலை மூன்று முறை படியுங்கள்.

முதல் முறை கையில் பேனா வேண்டாம். முடித்து ஒரு வாரம் கழித்து, புத்தகத்தைத் திறக்காமல், ஞாபகத்தில் இருந்தே இரண்டு பக்கத்தில் கதையை எழுதுங்கள். ஒழுங்கு மாறியிருக்கும், பெயர்கள் மறந்திருக்கும். பரவாயில்லை. எழுதிய இடங்கள் உங்களைப் பிடித்தவை. மறந்த கிளைக்கதை, பெரும்பாலும், வெளியே போக வேண்டிய கிளைக்கதை.

இரண்டாம் முறை அத்தியாயம் அத்தியாயமாக ஒரு அட்டவணை போடுங்கள். இடம், பகலா இரவா, யார் யார், என்ன மாறுகிறது, அது நமக்கு எப்படித் தெரிகிறது என்று ஐந்து கட்டம். கடைசிக் கட்டம்தான் உயிர். அதில் "கண்ணால்", "பேச்சால்", "நினைப்பால்" என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். நினைப்பால் என்பது பாதிக்கு மேல் வந்துவிட்டால் அந்த நாவல் முரண்டு பிடிக்கும் என்று அப்போதே தெரிந்துவிடும். தி. ஜானகிராமனின் "மோகமுள்" அந்த ரகம். பாபுவின் மனசுக்குள் நடப்பதும் சங்கீதமும் சேர்ந்ததுதான் நாவல். 1995இல் ஞான ராஜசேகரன் எடுத்த படத்தைப் பார்த்தால் எந்த இடங்கள் திரைக்கு வந்தன, எவை காகிதத்திலேயே தங்கிவிட்டன என்பது விளங்கும். எடுக்கவே கூடாது என்றில்லை. என்ன வேலை காத்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும்.

மூன்றாம் முறை அந்த "நினைப்பால்" வரிகளை மட்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு செயலோ பொருளோ கண்டுபிடியுங்கள். "அவள் மனதில் அவன் மேல் இருந்த மதிப்பு போய்விட்டது" என்று நாவல் ஒரு வரியில் சொல்லிவிடும். படத்தில் அதற்கு இரண்டு சீன் வேண்டும். முதல் சீனில் அவள் காபி டம்ளரை அவன் கையில் கொடுக்க வேண்டும். நாற்பது நிமிடம் கழித்து அதே டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுப் போக வேண்டும். இரண்டாவதை மட்டும் எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. முதலாவதை எழுத மறப்பதுதான் வழக்கமான பிழை. இப்படி மாற்றவே முடியாத வரிகள் கொஞ்சம் மிஞ்சும். அவற்றை எல்லாம் வாய்ஸ் ஓவரில் போட்டுவிடலாம் என்று கை பரபரக்கும். படத்துக்கே கதைசொல்லி ஒருவர் தேவை என்றால் முதல் ரீலில் இருந்தே போடுங்கள். ஓட்டையை அடைக்க நடுவில் கொண்டுவந்தால் ஒட்டுப்போட்டது அப்பட்டமாகத் தெரியும்.

அதன் பிறகு புத்தகத்தை மூடி வையுங்கள். நிஜமாகவே அலமாரியில் வையுங்கள். உங்கள் அட்டவணையை மட்டும் வைத்து ஒன் லைன் ஆர்டர், அதாவது சீனுக்கு ஒரு வரி வீதம் வரிசைப் பட்டியல், போடுங்கள். பத்துப் பத்து நிமிடமாக 14 அல்லது 15 கட்டம், ஒவ்வொன்றிலும் நாலைந்து சீன். இன்டர்வல் 70 முதல் 80ஆவது நிமிடத்தில் விழும். அது நாவலின் நடுப்பக்கமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை, பெரும்பாலும் இருக்கவும் இருக்காது.

எங்கே தொடங்குவது என்பதில் பயப்படாதீர்கள். பூமணியின் "வெக்கை" (1982) கொலையில் தொடங்கி, சிறுவன் சிதம்பரம் தந்தையோடு காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரியும் எட்டு நாள்களைச் சொல்கிறது. நாவலில் பரபரப்பை விட அந்தக் காட்டு வாழ்க்கைதான் பெரிது. என்ன தின்றார்கள், எங்கே படுத்தார்கள், தந்தையும் மகனும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று போகும். அதில் இருந்து வந்த "அசுரன்" (2019) ஓட்டத்தை வைத்துக்கொண்டு, தந்தையின் இளமைக்காலத்தை இரண்டாம் பாதியைத் தாங்கும் ஃபிளாஷ்பேக்காக விரித்தது. நாவலின் மையம் மகன், படத்தின் மையம் தந்தை. நட்சத்திரம் ஒருவர் தந்தையாக நடிக்கும்போது அப்படித்தான் ஆகும் என்று சிலர் குறை சொல்வார்கள். ஓரளவு உண்மை. ஆனால் படம் நிற்பது அந்த மாற்றத்தால்தான் என்பது என் கணிப்பு. பையனின் கண்ணில் கோழையாகத் தெரியும் அப்பா யார் என்ற கேள்வி இல்லாவிட்டால் இரண்டு மணி நேரம் பார்வையாளரை இழுக்கக் கயிறு இல்லை.

பாத்திரங்களைக் குறைக்க ஒரு எளிய சோதனை உண்டு. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் கதையில் செய்யும் வேலையை ஒரே வினைச்சொல்லில் எழுதுங்கள்: எச்சரிக்கிறார், காட்டிக்கொடுக்கிறார், கடன் கொடுக்கிறார். ஒரே வினை இரண்டு பேருக்கு வந்தால் இருவரையும் ஒருவராக்குங்கள். நாவலில் மூன்று சித்தப்பா இருக்கலாம். படத்தில் மூன்று சித்தப்பா இருந்தால் இன்டர்வல் வரை யார் எவர் என்றே தெரியாது. ஆனால் எழுத்தாளரின் குரலாக நாவலுக்குள் உலவும் பாத்திரத்தை அவசரப்பட்டு நீக்காதீர்கள். ஜெயகாந்தனின் "சில நேரங்களில் சில மனிதர்கள்" ஒரு நல்ல பாடம். அவரே முன்பு எழுதிய "அக்கினிப் பிரவேசம்" சிறுகதையில், முன்பின் தெரியாத ஒருவனால் கெடுக்கப்பட்டு வீடு வந்த மகள் தலையில் அம்மா தண்ணீரை ஊற்றி விஷயத்தை முடித்துவிடுகிறாள். அம்மா அப்படிச் செய்யாமல் கூச்சல் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் நாவல். அந்தச் சிறுகதையை எழுதிய ஆர்.கே.வி. என்ற எழுத்தாளரும் நாவலுக்குள் வருகிறார். ஏ. பீம்சிங் இயக்கிய படத்திலும் அவரை நீக்கவில்லை, நாகேஷ் நடித்தார். கதை, வசனம் ஜெயகாந்தனே. சுருக்கத்துக்காக அந்தப் பாத்திரத்தை வெட்டியிருந்தால் நாயகி கங்காவின் கதை வெறும் குடும்பச் சோகமாகியிருக்கும்.

வசனம் பற்றி ஒரு எச்சரிக்கை. நாவலில் படிக்க அழகாக இருக்கும் பேச்சு வாயில் வராது. நாவலாசிரியர் "என்றான் தயக்கத்தோடு" என்று பக்கத்திலேயே எழுதிவிடுகிறார். பாதி பாவனை அந்தச் சொல்லில் இருக்கிறது, பேச்சில் இல்லை. வசனத்தை மட்டும் பிரித்தெடுத்து, இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். எட்டுச் சொல்லுக்கு மேல் போகும் வரிகளில் பெரும்பாலானவை தடுக்கும். வட்டார வழக்கிலும் ஒரு சீரான முடிவு வேண்டும். நாவலில் அப்பா ஒரு வழக்கிலும் கதைசொல்லி பொதுத்தமிழிலும் இருப்பார்கள். படத்தில் கதைசொல்லி இல்லை, ஆகவே முழுப் படமும் அந்த வழக்கிலேயே பேச வேண்டிவரும். அதற்கு அந்த ஊர்க்காரர் ஒருவர் டப்பிங் வரை கூட இருக்க வேண்டும். நேர அளவுக்கு, ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற ஆங்கிலத் திரைக்கதைக் கணக்கை நம்பாதீர்கள். அது அவர்களின் எழுத்துரு அளவுக்கும் பக்க அமைப்புக்கும் வந்த கணக்கு. இடது பக்கம் காட்சி, வலது பக்கம் வசனம் என்று எழுதும் நம் முறைக்குப் பொருந்தாது. ஸ்டாப்வாட்ச் வைத்து, நடக்கும் நேரத்தையும் சேர்த்து, சீனை வாசித்து அளந்துகொள்ளுங்கள்.

இப்போது உரிமை. ஒன் லைன் போட்டு முடிக்கும் முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள். பவுண்ட் ஸ்கிரிப்ட்டோடு (முழுதாக எழுதி முடித்த திரைக்கதையோடு) போய் நின்றால் பேரம் உங்கள் கையில் இருக்காது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1இல் இருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். கல்கி 1954 டிசம்பரில் மறைந்தார், ஆகவே 2014 முடிவோடு காலாவதி. தி. ஜானகிராமன் 1982இல் மறைந்தார், ஆகவே 2042 டிசம்பர் 31 வரை அனுமதி தேவை. இறந்த பிறகு முதன்முதலாக வெளிவந்த நூலுக்கு, அது வெளியான ஆண்டில் இருந்து கணக்கு. தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர் என்றால், எழுத்தாளர் பெயர் பட்டியலில் இருக்கிறது என்பதோடு நிற்காமல் அரசாணையை வாங்கிப் பார்த்து உங்கள் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டுப் படம் எடுக்கப்போகிறீர்கள் என்றால் கவனம்: மூலத்துக்கு ஓர் உரிமை, மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை. "பரதேசி" (2013) படத்துக்கு அடிப்படையான பி.எச். டேனியலின் ஆங்கில நாவலை இங்கே பலர் அறிந்தது "எரியும் பனிக்காடு" என்ற தமிழாக்கத்தின் வழியாகத்தான். அப்படிப்பட்ட நூல்களில் இரண்டு கதவையும் தட்ட வேண்டும்.

உங்கள் விஷயத்தில் எழுத்தாளர் இல்லை. வாரிசுச் சான்றிதழில் உள்ள எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். மூத்த மகனோடு மட்டும் பேசி முடித்துவிட்டு, வெளிநாட்டில் இருக்கும் மகளின் நோட்டீஸை ரிலீஸுக்கு முந்தின வாரம் வாங்குவதுதான் வழக்கமான விபத்து. பதிப்பகத்திடம் பட உரிமை போயிருக்கிறதா என்று பதிப்பு ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், ஆட்சேபம் இல்லை என்று ஒரு என்ஓசி கடிதமும் வாங்குங்கள். பத்திரிகையில் தொடராக வந்ததென்றால் சட்டத்தின் 17ஆம் பிரிவு பேசுகிறது. பத்திரிகையில் வேலையில் இருந்தபடி அதற்காகவே எழுதினாலும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பத்திரிகை முதலாளிக்குப் பத்திரிகையில் வெளியிடும் உரிமை மட்டும்தான். மற்றவை எழுதியவருக்கு. இதற்கு முன் வேறு தயாரிப்பாளர் வாங்கியிருந்தால் அந்தக் காகிதத்தின் நகலைப் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள். உரிமைக் காலம் குறிப்பிடாத ஒப்பந்தம் 5 ஆண்டோடு முடியும் என்கிறது 19ஆம் பிரிவு. வேறு ஏற்பாடு எழுதப்படாத நிலையில், பெற்றவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டாலும் உரிமை திரும்பிவிடும். 1994 சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்த பிறகு போட்ட ஒப்பந்தங்கள் பல இதனாலேயே செத்துப்போயிருக்கும்; அதற்கு முந்தையவற்றுக்கு இந்த விதிகள் பொருந்தாது. அதே பிரிவு உங்களையும் கடிக்கும். எழுத்தில், கையெழுத்தோடு இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். ஆகவே காலம், நாடுகள், மொழிகள், டப்பிங், ரீமேக், ஓடிடி, வெப் சீரிஸ், இரண்டாம் பாகம் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். தயாரிப்பாளர் இன்னும் அமையவில்லை என்றால் முழு விலை கொடுக்காமல் ஒரு சிறு தொகைக்கு 12 அல்லது 18 மாதம் பிடித்துவைக்கும் ஒப்பந்தம் போதும். நீட்டிக்க என்ன தொகை என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள்.

மாற்றங்களுக்கு ஒப்புதல் தனி ஷரத்தாக வேண்டும். 57ஆம் பிரிவின்படி தன் படைப்பைச் சிதைத்துத் தன் பெயருக்குக் களங்கம் வந்தால் எழுத்தாளர் தடுக்கலாம், அவருக்குப் பின் சட்டப் பிரதிநிதிகளும். மன்னு பண்டாரி தன் இந்தி நாவலைப் படமாக்கியவர்களுக்கு எதிராகப் போன வழக்கில், உரிமையை விற்ற பிறகும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்று 1986இல் தில்லி உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எனவே முடிவை மாற்றப்போகிறீர்கள், மகனை விட்டுத் தந்தையை நாயகனாக்கப்போகிறீர்கள் என்றால் அந்த ஒன் லைனையே ஒப்பந்தத்தோடு இணைத்துக் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது.

கருவை மட்டும் எடுத்தால் அனுமதி எதற்கு என்று கதை டிஸ்கஷனில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். எண்ணத்துக்கு உரிமை கிடையாது, அது சொல்லப்பட்ட வடிவத்துக்குத்தான் உரிமை என்பது நாடக ஆசிரியர் ஆர்.ஜி. ஆனந்த் தொடுத்த வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான். ஆனால் படம் பார்த்த சாதாரண ஆள் "இது அந்தக் கதையேதான்" என்ற எண்ணத்தோடு வெளியே வந்தால் அந்தத் தீர்ப்பே உங்களுக்கு எதிராகத் திரும்பும். உங்கள் அட்டவணையை எடுத்து, நாவலின் வரிசையிலேயே எத்தனை சம்பவங்கள் தொடர்ந்து வருகின்றன என்று எண்ணுங்கள். மூன்று நான்கு வந்துவிட்டாலே வாங்கிவிடுங்கள். "உதிரிப்பூக்கள்" டைட்டிலில் பெயர் போட்டது முன்யோசனை என்றேனே, இதனால்தான்.

தலைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். இந்திரா பார்த்தசாரதியின் "குருதிப்புனல்", கீழ்வெண்மணியைப் பின்புலமாகக் கொண்ட நாவல், 1983இல் "கண் சிவந்தால் மண் சிவக்கும்" என்ற பெயரில் படமானது. 1995இல் வந்த "குருதிப்புனல்" படம் ஓர் இந்திப் படத்தின் தழுவல், நாவலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இன்றும் படத்தைப் பார்த்துவிட்டு நாவலைத் தேடி வாங்கி ஏமாறுகிறவர்கள் உண்டு. நாவலின் பெயரிலேயே படம் வர வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் எழுதுவதோடு, திரைத்துறைச் சங்கத்தில் தலைப்பையும் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

டைட்டில் கார்டில் வரும் சொல்லையும் விட்டுவிடாதீர்கள். "கதை", "மூலக்கதை", "நாவலைத் தழுவியது", "நன்றி" என்று நான்கு விதமாகப் போடுகிறார்கள். நான்கும் ஒன்றல்ல. "நன்றி" வரிசையில் முப்பது பெயர்களுக்கு நடுவே எழுத்தாளர் பெயர் வந்தால் வாரிசுகள் கொதிப்பார்கள். சொல், எழுத்தின் அளவு, தனி கார்டா இல்லையா, போஸ்டரிலும் டிரெய்லரிலும் வருமா என்பது வரை ஒப்பந்தத்திலேயே மாதிரி வரைந்து இணைத்துவிடுங்கள். டைட்டில் டிசைனரிடம் போகும் பட்டியலை இயக்குநரே ஒருமுறை சரிபார்க்க வேண்டும். அது வழக்கமாகத் தணிக்கைக்கு முந்தின இரவில், யாருக்கும் நேரமில்லாத நேரத்தில்தான் தயாராகிறது.